இல்லை என்று சொல்லாதவர்

இல்லை என்று சொல்லாதவர் என்றால் கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பவர் என்று ஊரில் அர்த்தம். நான் சொல்லப்போகிற அக்கா அந்த ரகம் கிடையாது. அவரோடு பழகிய காலம் முழுக்க டீ வாங்கிக் கொடுத்தவன் நான்தான். ஆனால் ‘இல்லை’ என்கிற சொல் அவர் வாயிலிருந்து விழுந்து நான் கேட்டதே கிடையாது. ஒன்று இருக்கிறது என்றால் ‘தெரியுதுங்க’ என்பார். மற்றதற்கெல்லாம் ஒரே பதில்தான்: ‘காணோமுங்க.’

அப்போது நான் நாமக்கல்லில் கோழி மருந்து விற்றுக்கொண்டிருந்தேன். என் பையில் இல்லாத மருந்து உலகத்தில் கிடையாது. அந்தப் பையால் பிழைத்த கோழியும் உலகத்தில் கிடையாது. பண்ணைக்காரர்கள் என்னையும் கோழியையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். இரண்டு பேருக்கும் கழுத்து ஒரே மாதிரி நீண்டிருக்கும். யாருக்கு மருந்து என்று அவர்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

அக்கா வேலை பார்த்தது பரமத்தி ரோட்டில், ஒரு டயர் கடையின் மாடியில் இருந்த சிறிய சோதனைக்கூடத்தில். செத்த கோழியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், கிருமியின் மரபணுவைத் தேடிப் பார்த்து என்ன சீக்கு என்று சொல்வார்கள். கொரோனா வந்த பிறகு எல்லார் வாயிலும் நுழைந்த அதே பி.சி.ஆர். சோதனைதான், கோழிக்கு அது முன்னாலேயே வந்துவிட்டது. கீழே ரப்பர் வேகிற வாசனை, மேலே ஸ்பிரிட் வாசனை. மாடிப்படியின் நடுவில் நின்றால் இரண்டும் கலந்து லேசாகக் கிறக்கும். என் உத்தியோகத்தின் பெரும்பகுதியை நான் அந்த நடுப்படியில்தான் கழித்தேன்.

முதல் முறை போனபோது ஒரு கோழியைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“அக்கா, வெள்ளைக்கழிச்சல் இருக்குதுங்களா, இல்லீங்களா?”

“காணோமுங்க” என்றார். கதவு மூடிக்கொண்டது.

கோழிக்குச் சொந்தக்காரர் கோபக்காரர். செத்த கோழியானாலும் அவருடைய கோழி. படிக்கட்டின் அடியில் குனிந்து பார்த்தேன். டயர்களுக்குள் கையை விட்டுத் துழாவினேன். கடையின் நாய் எதையோ மென்றுகொண்டிருந்தது. அதன் தாடையைப் பிடித்துத் திறந்து பார்த்தேன். அது பிஸ்கட். நாய் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அக்கா மாடியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். “ஏனுங்க, எதைத் தேடறீங்க?”

“கோழியத்தானுங்க. காணோம்னீங்களே!”

“கோழி உள்ள ட்ரேல படுத்திருக்குதுங்க. சீக்கைத்தான் காணோம்.”

“அப்படின்னா சீக்கு இல்லைன்னு சொல்லுங்க.”

“அது எப்படீங்க சொல்றது? நான் பாத்த எடத்துல காணோம். அவ்வளவுதானுங்க எனக்குத் தெரியும்.”

அவரைப் பார்த்தால் எப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பவர் போலத் தோன்றும். நம் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். நமக்கு ஒரு முழம் பின்னால் நிற்கிற யாரையோ பார்த்துப் பேசுவார். நான் பல தடவை திரும்பிப் பார்த்திருக்கிறேன். வெள்ளைக் கோட்டின் பையில் மஞ்சள் கறை ஒன்று நிரந்தரமாக இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு அறை முழுக்கத் தேடுவார். “கண்ணாடியக் காணோமுங்க.” தலையில இருக்குதுங்க என்று நான் சொன்னால் வெட்கப்படமாட்டார். தொட்டுப் பார்த்துவிட்டு, “பாத்தீங்களா? நீங்க கேக்கற அந்தச் சொல்லைச் சொல்லீருந்தா பொய்யாப் போயிருக்கும்” என்பார்.

அவருடைய கல்யாணமே இந்தச் சொல்லால் முறியப் பார்த்ததாம். வெண்ணந்தூரில் அவர்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா, சம்பிரதாயத்துக்கு, “பொண்ணுக்குக் கொறை ஒண்ணும் இல்லீங்களே?” என்று கேட்டிருக்கிறார். அப்பா வாயைத் திறப்பதற்குள் பெண்ணே பதில் சொல்லிவிட்டது: “இதுவரைக்கும் காணோமுங்க.” பெரியம்மா அப்படியே காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர்தான் மாப்பிள்ளை. அவர் சிரித்திருக்காவிட்டால் அக்காவுக்கு அந்த இடம் தப்பிப் போயிருக்கும். பிற்பாடு அவர் சோதனைக்கூடத்துக்குப் போன் போட்டு, ரசத்தில் உப்பே இல்லை என்று புகார் சொல்வதும், இவர், “உங்க நாக்குக்குக் காணோமுங்க” என்று சொல்லி வைப்பதும் எங்களுக்கெல்லாம் மத்தியானச் செய்தி மாதிரி.

ஒருநாள் டீக்கடையில் பெரிய சண்டை. டயர் கடைக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். எதிர்க்கடைக் கருப்புச் சட்டைக்காரருக்கும் அவருக்கும் கடவுள் விஷயமாக வாய்த் தகராறு முற்றி, டீயெல்லாம் ஆறிப்போனது. கடைசியில் படித்த ஆளைக் கேட்போம் என்று இரண்டு பேரும் அக்காவிடம் வந்தார்கள்.

“நீங்களே சொல்லுங்க மேடம், சாமி இருக்குதா இல்லியா?”

அக்கா கொஞ்சம் யோசித்தார். “என்ற மெசின்ல காணோமுங்க.”

கருப்புச் சட்டைக்காரர் தொடையைத் தட்டினார். “கேட்டியா?” என்றார்.

மாலை போட்டவரும் தொடையைத் தட்டினார். “நீ கேட்டியா? இல்லைன்னு சொல்லல!”

இரண்டு பேரும் ஜெயித்துவிட்டதால் அன்றைய டீ யாருடையது என்பதில் குழப்பம் வந்தது. வழக்கம்போல என்னுடையது.

ஏன் இப்படி என்று மூன்று நான்கு தடவை அவரைக் கேட்டிருக்கிறேன். தடவைக்கு ஒரு காரணம் சொல்வார். ஒருமுறை, படித்த இடத்தில் வாத்தியார் அப்படிப் பழக்கிவிட்டார் என்றார். இன்னொரு முறை, “எங்க ஊடு தறி ஊடுங்க. பாவுல ஒரு இழை அந்துபோனா அது எங்கியும் போயிடாதுங்க, பக்கத்து இழையோட ஒட்டிக்கிட்டு அங்கியேதான் நிக்கும்” என்றார். அடுத்த முறை, “சும்மாதானுங்க. வாய் அப்படி வந்திருச்சு” என்றார். நான் தறிக் காரணத்தை வைத்துக்கொண்டேன். அதுதான் சொல்லிக்கொள்ள அழகாக இருந்தது.

அந்த மாடிக்குள் இறால் வந்த கதைக்கு வருகிறேன்.

நாமக்கல்லுக்கும் கடலுக்கும் சம்பந்தமே கிடையாது. எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குக் கடல் என்பது சுற்றுலா பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே போய்ப் பார்க்கிற ஒரு விஷயம். அப்படிப்பட்ட இடத்தில் ஒருநாள், காற்று அடைத்த பிளாஸ்டிக் பையில் உயிருள்ள இறால்களோடு ஒருவர் படியேறி வந்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் போடும் ரிக் வண்டிக்குச் சொந்தக்காரர். நாங்கள் அவரை ரிக்கண்ணன் என்போம். ராஜஸ்தான் வரைக்கும் வண்டி ஓட்டிப்போய் ஊரார் நிலத்திலெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர். ஆசையாகச் சொந்தக் காட்டு நிலத்தில் போர் போட்டபோது உப்புத் தண்ணீர் வந்தது.

“மாடு மோந்து பாத்துச்சுங்க. தண்ணியக் குடிக்கல. என்னைய மொறைச்சுது” என்பார். “கீழ எங்கியோ ஒரு கடல் படுத்துத் தூங்கிட்டு இருக்குதுங்க. நான் போயி அதும்பட விலாவுல ராடைச் சொருகிட்டேன்.”

ஆந்திரா பக்கம் வண்டி போனபோது இறால் குட்டைகளைப் பார்த்திருக்கிறார். மாடு குடிக்காத தண்ணீரை இறால் குடிக்கும் என்று புரிந்தது. கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று இரண்டு குட்டை வெட்டி, கறுப்புப் பிளாஸ்டிக் தாள் விரித்து, உப்புத் தண்ணீரில் குறைந்த சத்துகளைக் கலந்து இறால் குஞ்சு விட்டுவிட்டார். அவர் மனைவி இரண்டு வேளையும் தீவனம் போட்டு, அவற்றோடு பேசிக்கொண்டே கரையைச் சுற்றுவார். விட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. கிழக்குக் குட்டையில் தினமும் சில செத்துக் கிடக்க ஆரம்பித்தன.

நான் உடனே பையைத் திறந்தேன். “அண்ணா, இதுக்கு நம்மகிட்ட ஒரு டானிக்கு—”

“அது கோழிக்குத்தானுங்களே?” என்றார் ரிக்கண்ணன்.

“இறாலுக்கும் ஈரல் இருக்குதுல்லங்க” என்றேன். அக்கா எனக்கு ஒரு முழம் பின்னால் பார்த்தார். பையை மூடிவிட்டேன்.

பிறகு எங்கள் இருவருக்குமாக அவர் விளக்கினார். இறாலை இளசிலேயே கொல்லுகிற ஒரு நோய் இருக்கிறது. ஈரல் வெளுத்துச் சுருங்கும்; குடல் காலியாகும்; தீனியை விட்டுவிடும்; பார்த்துக்கொண்டிருக்கும்போதே குட்டை காலி. விப்ரியோ என்கிற பாக்டீரியா செய்கிற வேலை.

“உப்புத் தண்ணி எங்க இருந்தாலும் இந்த விப்ரியோ இருக்குமுங்க. சந்தையில சனம் இருக்கறாப்பல. எல்லாரும் கெட்டவங்க கெடையாது. அதுல ஒருத்தன் இடுப்புல மட்டும் கத்தி சொருகியிருக்கும். எனக்கு ஆள் வேண்டாமுங்க. கத்திதான் வேணும்.”

கத்தி என்று அவர் சொன்னது, நஞ்சைச் செய்யக் கற்றுக்கொடுக்கிற மரபணுத் துண்டை. அது ஒன்றிரண்டு இருந்தால்கூட, மெசினுக்குள் சூடாக்கி ஆறவைத்து, சூடாக்கி ஆறவைத்து, இரண்டாக்கி நாலாக்கி, கண்ணில் படுகிற அளவுக்குப் பெருக்கிவிடுவார்களாம்.

“அக்கா, அதுல என்ற தலைமுடி ஒண்ணை வெச்சுப் பாக்கலாமுங்களா?” என்று கேட்டேன்.

அவர் என் தலையைப் பார்த்தார். முதல் முறையாக நேராகவே பார்த்தார். “மொதல்ல அந்த ஒண்ணு கெடைக்கோணுமுங்களே.”

சாயந்திரம் எங்களை இருட்டறைக்குள் கூப்பிட்டார். நீல விளக்கின் மேல் ஜவ்வரிசிக் கூழை ஆறவைத்த மாதிரி ஒரு வில்லை. அதில் ஓரமாக, மின்மினியை நசுக்கித் தேய்த்தாற்போல ஒரு சிறிய பச்சைக் கோடு. ரிக்கண்ணன் அதை நோக்கி விரலை நீட்டினார். “அது உங்களுது கெடையாதுங்க” என்றார் அக்கா. “சீக்கு இருக்குதுன்னு ஏற்கெனவே தெரிஞ்ச சாம்பிள். மெசின் முழிச்சிருக்குதான்னு பாக்கறதுக்கு வெக்கறது. இந்தப் பக்கம் வெறும் தண்ணி.”

“வெறுந்தண்ணிய எதுக்குங்க சோதிக்கோணும்?”

“அதுல கோடு தெரிஞ்சா நான் பொய் சொல்றேன்னு அர்த்தமுங்க.”

நடுவில் ரிக்கண்ணனுடைய இறால்களுக்கான இடங்கள் இருட்டாக இருந்தன. நல்ல, அமைதியான இருட்டு. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு ஏனோ ஆழமான ஒரு கிணற்றை எட்டிப் பார்க்கிறாற்போல இருந்தது.

“காணோமுங்க” என்றார் அக்கா.

இந்த இடத்தில் வழக்கமாகப் பண்ணைக்காரர்கள் இரண்டு வகையாகப் பிரிவார்கள். சிலர் சண்டைக்கு வருவார்கள். சிலர் இல்லை என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் படியிறங்கிப் போய்விடுவார்கள். ரிக்கண்ணன் இரண்டும் செய்யவில்லை. வில்லைக்கு அருகில் குனிந்து, “எத்தனை அடீங்க எறக்கினீங்க?” என்றார்.

“அடியா?”

“இல்லீங்க, நாங்க போர் போடறப்போ ஒரு ஆழத்துல காணோம்னா வண்டியக் கெளப்பமாட்டமுங்க. காணோம்னா இன்னும் ராடு எறக்கோணும்னு அர்த்தம். எடத்தை மாத்திப் போடோணும்னு அர்த்தம். முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம் கெடையாதுங்க.”

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வேற்றூர்ச் சந்தையில் தன் ஊர்ப் பேச்சு காதில் விழுந்தவர் சிரிக்கிற சிரிப்பு. இத்தனை காலம் தனியாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு பாஷைக்கு இரண்டாவது ஆள் கிடைத்துவிட்டார்.

“எறக்கறதெல்லாம் முழுசா எறக்கியாச்சுங்க” என்றார். “எடத்தைத்தான் மாத்திப் பாக்கோணும். ஆமா, எதைப் புடிச்சுட்டு வந்தீங்க?”

ரிக்கண்ணன் பெருமையாக நிமிர்ந்தார். “இருக்கறதுலயே நல்லதாப் பொறுக்கிட்டு வந்தனுங்க. மேடத்துக்கிட்டக் காட்டப் போறோம். சாகப்போறதைக் கொண்டாந்து மேசையில போட்டா மருவாதியா இருக்குமுங்களா?”

டயர் கடையில் யாரோ சுத்தியலால் தட்டினார்கள்.

“அண்ணா” என்றார் அக்கா. மேடமாக இருந்தவர் சட்டென்று தங்கையாகிவிட்டார். “நீச்சல் மறந்து கரையோரமா ஒதுங்கி நிக்குது பாருங்க, அதைக் கொண்டாங்க. ரெண்டு குட்டையிலயும் தனித்தனியா, வேற வேற வலையில. இவரையும் கூட்டிட்டுப் போங்க, சும்மாதான் நிக்கறாரு.”

மறுநாள் காலை நான் முதல் தடவையாக அந்தக் குட்டைகளைப் பார்த்தேன். காற்றுக் கலக்கும் சக்கரங்கள் சுற்றித் தண்ணீரைக் கடைந்து வெள்ளையாகத் தூவிக்கொண்டிருந்தன. கண்ணை மூடினால் உப்புக் காற்று, அலைச் சத்தம்; கடற்கரையேதான். திறந்தால் சோளத்தட்டுப் போரும் அதற்குமேல் திருச்செங்கோட்டு மலையும். நான் மூடித் திறந்து மூடித் திறந்து விளையாடிக்கொண்டே நடந்ததில் ஒரு கால் தண்ணீருக்குள் போய்விட்டது. “அது கெழக்குக் குட்டைங்க! அந்தக் காலோட மேக்க போயிராதீங்க!” என்று ரிக்கண்ணன் கத்தினார். அவர் மனைவி ஊதா நிறத்தில் மருந்துத் தண்ணீர் கொண்டுவந்து என் காலை ஊறவைத்தார். வெகுநாள் வரைக்கும் என் கால்விரல்கள் கத்தரிப்பிஞ்சு போலிருந்தன.

கிழக்குக் கரையில் ஒதுங்கியிருந்தவற்றைக் கையாலேயே அள்ள முடிந்தது. கண்ணாடித் துண்டுகள் மாதிரி இருந்தன. கண்ணாடிக்குள்ளும் ஒன்றுமில்லை.

அந்தச் சாயந்திரம் வில்லையில் இரண்டாவது பச்சைக் கோடு இருந்தது. தெளிவாக, பக்கத்து வீட்டு விளக்குப் போல. கிழக்குக் குட்டை. மேற்குக் குட்டையின் இடம் இருட்டாகவே இருந்தது.

“கெழக்க தெரியுதுங்க” என்றார் அக்கா. “மேக்க காணோம்.”

ரிக்கண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டார். “கெழக்க மருந்து கிருந்து...”

என் கை தானாகப் பையின் ஜிப்புக்குப் போனது. நானே அதை அடித்து இறக்கினேன்.

“மருந்து கெடையாதுங்கண்ணா. தண்ணிய வெளிய விடவே கூடாது. சொட்டு வெளிய போனா மேக்குக் குட்டைக்குக் கத்தியக் கையில குடுத்த மாதிரி. பிளீச்சிங் பவுடரப் போட்டு அப்படியே நிறுத்தீருங்க.”

“உசுரா இருக்கறது?”

அக்கா நீல விளக்கை அணைத்தார். அந்தக் கேள்விக்கு அவரிடமிருந்த இரண்டு சொல்லும் பொருந்தவில்லை என்று நினைக்கிறேன்.

கிழக்குக் குட்டையில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டியது ரிக்கண்ணனே. மனைவி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, மேற்குக் குட்டையைப் பார்த்தபடி இருந்தார். சக்கரங்களை நிறுத்தியதும் அந்தக் காட்டிலிருந்த கடல் பாதியாகிவிட்டது. அதற்குப் பிறகு எல்லாமே மேற்குக் குட்டைதான். அது போனால் குழியை மூடிவிட்டுத் திரும்ப ரிக் வண்டியேறி ஊர் ஊராகப் போக வேண்டியதுதான் என்று ரிக்கண்ணன் சொல்லிவிட்டார். கொக்கு செத்த இறால் ஒன்றை வாயில் கொண்டுவந்து போட்டாலும் போச்சு என்பதால், குட்டைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினார். நண்டு ஏறாமலிருக்கச் சுற்றிலும் தாளை நட்டு வேலி போட்டார். அதற்குமேல் செய்ய எதுவும் கிடையாது, காத்திருக்கத்தான் வேண்டும். மருந்து விற்கிறவனுக்கு அந்த மாதிரி நாட்கள் ரொம்பக் கஷ்டம்.

அந்த மேற்குக் குட்டை தப்பித்தது. அதன் இறால்கள் பெரிதாகி, ஐஸ் பெட்டியில் ஏறி, கொச்சிக்குப் போயின. பிற்பாடு அக்காவும் கணவரோடு ஆந்திராக் கடற்கரைக்கு வேலைக்குப் போய்விட்டார்; அங்கே இறால் அதிகம், கேள்விகளும் அதிகமாக இருக்கும். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது இதெல்லாம் இல்லை. என்ன ஆகும் என்று யாருக்குமே தெரியாமலிருந்த ஒரு மத்தியானம்தான்.

மேற்குக் குட்டையிலிருந்து திரும்ப ஒருமுறை இறால் எடுத்துச் சோதித்திருந்தார்கள். வழக்கமாக முடிவைப் போனில் சொல்லிவிடுகிற அக்கா, அன்று விடுமுறை நாளாக இருந்தும் என் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டு, “அவங்க காட்டுக்கு உடுங்க” என்றார். வழி முழுக்கக் கோழிக் கொட்டகைகளும் வெயிலும். தூங்கிவிட்டாரோ என்று கண்ணாடியில் பார்த்தேன். யாருக்கோ பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊதாத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுக் கரையேறினோம். ரிக்கண்ணனின் மனைவி எழுந்து வந்தார். கிழக்குக் குட்டை செத்ததிலிருந்து அந்தம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்று ரிக்கண்ணன் போனில் சொல்லியிருந்தார், கன்னம் ஒட்டியிருந்தது.

“காணோமுங்கக்கா” என்றார் அக்கா.

“அது எனக்கு வேண்டாம் சாமி” என்றார் அந்தம்மா. “ஒரே ஒருக்கா இல்லைன்னு சொல்லு. பொய்யாவாச்சும் சொல்லிப் போடு கண்ணு. உன்ற வாய்ல இருந்து கேட்டாப் போதும், ராத்திரிக்கு நிம்மதியாக் கண்ணை மூடுவேன்.”

ரிக்கண்ணன் தரையைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். சொல்லித் தொலையேன் என்று எனக்குள் கத்தியது. ஒரு சொல். நானாக இருந்தால் இலவசமாக ஒரு டப்பாவும் சேர்த்துக் கொடுத்திருப்பேன்.

“சொன்னா நீங்க கண்ணை மூடீருவீங்கக்கா” என்றார் அக்கா. மெதுவாக, கிட்டத்தட்டக் கெஞ்சுகிறாற்போல. “இப்ப மூடக் கூடாதுங்க.”

“அப்பறம் எதுக்கு இத்தனை தூரம் வெயில்ல வந்தே?”

“உங்ககூட உக்காந்து பாக்கலாம்னு வந்தேனுங்க.”

சொன்னதோடு கரையில் உட்கார்ந்தும்விட்டார். கட்டியிருந்த நல்ல சேலையோடு, பிளாஸ்டிக் தாளின் மேல், முழங்காலைக் கட்டிக்கொண்டு. வேறு வழியில்லாமல் அந்தம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபம் முகத்தில் அப்படியே இருந்தது. ரிக்கண்ணன் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன், தாள் கொதித்தது, எழுந்து நின்றுகொண்டேன்.

தீனி தின்கிறதா என்று பார்க்க ஒரு வலைத்தட்டில் கொஞ்சம் தீவனத்தை வைத்து அந்தம்மா தண்ணீருக்குள் இறக்கினார். நான்கு பேரும் தண்ணீரைப் பார்த்தோம். சக்கரம் சுற்றியது. கயிறுகளின் நிழல் தண்ணீரில் கட்டம் கட்டமாக ஆடியது. எங்கேயோ ஒரு லாரி ஹாரன் அடித்து, அதுவும் தூக்கத்தில் புரண்டது போல அடங்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்தத் தண்ணீருக்கு அடியில் படுத்திருக்கிற கடல் கண் விழித்துவிடக்கூடாது என்பது போல யாரும் பேசவில்லை.

அக்கா தலையசைத்தார். அந்தம்மா கயிற்றை இழுத்தார்.

தட்டில் தீவனம் மிச்சமில்லை. பத்துப் பதினைந்து இறால்கள் வெயிலில் துள்ளின. ஒன்று என் சட்டைப் பைக்குள்ளேயே விழுந்தது. நான் போட்ட சத்தத்தை இங்கே எழுதப்போவதில்லை. அக்கா ஒன்றை வாலோடு பிடித்து, நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு, சூரியனுக்கு நேராகத் தூக்கினார். முழு உடம்பும் வெளிச்சமாக இருந்தது. முதுகு நெடுக, தலையிலிருந்து வால்வரைக்கும், அறுபடாமல் ஒரு கறுத்த கோடு ஓடியது.

“இங்க பாருங்கக்கா” என்று அந்தம்மாவின் முகத்தருகே கொண்டுபோனார். “குடல் நெறைஞ்சிருக்குது. இப்பத்தான் சாப்புட்டிருக்குதுங்க.”

அந்தம்மா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அதை வாங்கித் தண்ணீரில் விட்டார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மரத்தடிக்குப் போய், காலையில் கட்டிக்கொண்டு வந்து தொடாமல் வைத்திருந்த சோத்துப் போசியை எடுத்துவந்து மூடியைத் திறந்தார். முதல் வாயை யாருக்கும் கொடுக்கவில்லை. குட்டையைப் பார்த்தபடி அவரே தின்றார்.